கட்டினவன் வீட்டு ஆள்

தம்பி,

நேற்று ராட்டினத்திலிருந்து நான் இறங்கியதும், "சரிங்களாம்மா?" என்று கேட்டாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டேன். கழற்றி வைத்த செருப்பு எங்கே என்று பார்த்தேன். அதற்குள் நீ சிரித்துவிட்டாய். பக்கத்தில் நின்ற கருப்பண்ணனிடம் திரும்பி, "அம்மா சரின்னுட்டாங்க" என்றாய். அது என் காதில் விழுந்தது. இல்லை என்று நான் சொல்லவில்லை. பஸ் வந்து நின்றது, ஏறிவிட்டேன். மீனாட்சிபுரத்திலிருந்து எலப்புள்ளி வந்து சேரும் வரை, நான் எதற்குச் சரி சொன்னதாக நீ எடுத்துக்கொண்டாய் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். நேரில் பேசினால் நான் பாதியில் நிறுத்திவிடுவேன் என்பது உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். உன் கூட்டாளி ஜமால் நாளைக்குக் காலையில் அவன் அப்பா கடைக்குச் சரக்கோடு அங்கே போகிறான். அவனிடம் கொடுத்தனுப்புவேன்.

உன் கேள்வி எனக்குப் புரியாமல் இல்லை. மலைமேல் மின்சார வேலைக்கு உனக்கு உத்தரவு வந்திருக்கிறது. மாதம் முடிவதற்குள் மூணாற்றுக்குப் போய்ச் சேர வேண்டும். கருப்பண்ணனோ மீனாட்சிபுரம் மைதானத்தில் போட்டிருக்கிற கொட்டகைகளையும் நீ கட்டிய ராட்டினத்தையும் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆனைமலைக்குப் போகப்போகிறார். அங்கிருந்து உடுமலை, அதற்கப்புறம் எங்கெங்கோ. நீ அந்த வண்டிகளோடு போக ஆசைப்படுகிறாய். "அம்மா சரின்னா வாரேனுங்க" என்று அவரிடம் சொல்லிவைத்திருக்கிறாய். பிரிப்பதற்கு முன் அவருக்குப் பதில் தெரிய வேண்டும். ஆக, நான் ராட்டினத்தில் ஏறியதும் நீ வீட்டை விட்டுப் போவதும் ஒரே கேள்விக்குள் வந்துவிட்டன. இரண்டும் ஒன்றுதானா? எனக்கு ஒன்றாகத் தெரியவில்லை. வேறு வேறு என்று அடித்துச் சொல்லவும் வரவில்லை.

உன்னை நான் எப்போதும் சரியாகப் புரிந்துகொண்டதில்லை என்று தோன்றுகிறது. நீ சிறுவனாக இருந்தபோது பொள்ளாச்சித் திருவிழாவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கையால் தள்ளிச் சுற்றும் மர ராட்டினம் ஒன்று இருந்தது. மற்ற பிள்ளைகள் ஏறுவதற்கு அழுதார்கள். நீ ஏறமாட்டேன் என்று அழுதாய். பயந்தாங்கொள்ளி என்று உன் அப்பா கேலி செய்தார், நானும் அப்படியே நினைத்தேன். பயப்படாதே, அது சுற்றுவதற்கு இன்ன காரணம் என்று உனக்குத் தரையில் கோடு போட்டு விளக்கினேன். கல்லூரியில் படித்த பௌதிகத்தை மண்ணில் குச்சியால் எழுதிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து ஒரு கடலைக்காரர் சிரித்தது நினைவிருக்கிறது. நீ கோட்டைப் பார்க்கவே இல்லை. மேலே போய்க் கீழே வருகிறவர்களின் முகங்களையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். வீட்டுக்கு வந்து, சிவப்புச் சட்டை போட்டவர் மேலே போகும்போது ஒரு மாதிரியும் கீழே வரும்போது இன்னொரு மாதிரியும் இருந்தார் என்று சொன்னாய். பயந்த பிள்ளை எதையோ உளறுகிறது என்று நினைத்து உனக்கு விபூதி பூசிவிட்டேன். எனக்கு விபூதியில் பெரிய நம்பிக்கை இல்லை. அன்று வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கோயமுத்தூரில் நீ இன்ஜினியரிங் படிக்கப் போனபோது அங்கே வருகிற பொருட்காட்சி ஒன்றையும் விட்டதில்லை. விடுமுறைக்கு வந்தால் பாலக்காட்டுக் கோட்டை மைதானத்தில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்க்கப் போய்விடுவாய். திரும்பி வந்ததும் ஜமாலோடு நம் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பேசுவாய். சமையலறையில் இருந்தபடி அந்தப் பேச்சை நான் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு ராட்டினத்துக்கும் நீ போடுகிற மாதிரி, தேர்வுத்தாள் திருத்துகிறவர்கள்கூட மதிப்பெண் போட மாட்டார்கள்.

"கோயமுத்தூர்ல வந்தது ராட்டாந்தூரியே இல்லடா. பெட்டி ஆடவே மாட்டேங்குது. கட்டில்ல உக்காந்த மாதிரி இருக்குது" என்பாய்.

"ஆடுச்சுன்னா பொம்பளைங்க ஏறுவாங்களா?" என்பான் ஜமால்.

"ஆடலைன்னா எதுக்கு ஏறோணும்?"

"உனக்கென்னப்பா. நீ ஏறறதே இல்ல. கீழ நின்னு கழுத்து வலிக்க அண்ணாந்து பாத்துட்டு வர்றவன் பேசற பேச்சப் பாரு."

அது உண்மை. நீ ஏறுவதே இல்லை. காசு கொடுத்து மைதானத்துக்குள் போய், எதிலும் ஏறாமல், எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு வருவாய். மோட்டார் சைக்கிள் கிணற்றுக்குள் சுற்றும் மரணக் கிணற்றை உள்ளே பார்ப்பதைவிட, வெளியே ஏணியில் இறங்கி வருகிறவர்களைப் பார்ப்பது உனக்குப் பிடிக்கும். மிட்டாய்க் கடையை ராட்டினத்துக்குப் பக்கத்தில் போட்டவனுக்கு மூளையே இல்லை, இறங்கினவர்களுக்குச் சிறிது தூரம் தள்ளாடி நடக்க இடம் வேண்டும், அப்புறம்தான் பசிக்கும் என்று ஜமாலுக்கு நீ விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. ஒரு நாள் கேட்டேவிட்டேன், ஏன் ஏறுவதில்லை என்று. "ஏறுனா மூஞ்சி தெரியாதுங்கம்மா" என்றாய். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். எனக்குப் புரியாத பதில் வந்தால் புரிந்ததுபோல் தலையை ஆட்டிவிட்டு வேறு வேலைக்குப் போவது என் வழக்கம். வகுப்பில் எந்த மாணவியையும் அப்படி நான் விட்டதில்லை.

மலம்புழை அணைக்கட்டில் தோட்டம் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நாம் மூவரும் போனோமே, அதை நினைத்துப் பார். உன் அப்பாவுக்கு அங்கே பூவும் தெரியவில்லை, பாதையும் தெரியவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றவர் நின்றவர்தான். "இத்தனை தண்ணி ஒரே எடத்துல நிக்குது பாரு புள்ள" என்று என்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கும் பிடித்திருந்தது. ஓர் அரசாங்கம் வயலுக்குத் தண்ணீர் தேக்கிவிட்டு, மிச்ச இடத்தில் மக்கள் உலாவ ஒரு தோட்டமும் வைத்திருக்கிறது. என் வயதில் இப்படி ஒன்றைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா பாருங்கம்மா, எல்லாரும் நடந்து பாத்துட்டு அப்படியே போறாங்க. ஒருத்தர்கூடக் கத்தல."

"கத்தாம இருந்தா என்ன?"

"வந்த மூஞ்சியோடயே திரும்பிப் போறாங்கம்மா."

அப்போது எனக்குக் கோபம் வந்தது. வெளியில் காட்டவில்லை. இந்த அணையைக் கட்டியதுபோன்ற வேலைக்காகத்தான் உன்னைப் படிக்கவைத்தேன். நாடு முழுக்க அணையும் பாலமும் மின்சாரமும் வந்துகொண்டிருக்கிற நேரம். அதில் என் மகனின் கையும் இருக்கும் என்று நான் எண்ணியிருந்தேன். நீயோ அந்த அணையின் முன்னால் நின்றுகொண்டு ஒருவரும் கத்தவில்லை என்கிறாய். மனிதர்கள் காசு கொடுத்துப் பயப்படுவதில் என்ன இருக்கிறது? கீழே இறங்கும்போது உடம்பின் பாரம் குறைகிறது, வயிறு மேலே எழும்புகிறது. அவ்வளவுதான் விஷயம். அதைக் கரும்பலகையில் நான் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரு மாணவிகூடக் கத்தியதில்லை.

கிணற்று எஞ்சின் காணாமல் போன நாளை உனக்குச் சொல்ல வேண்டும், நீ அப்போது இங்கே இல்லை. நம் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வந்த பிறகு ஆயில் எஞ்சின் கொட்டகையில் சும்மாதான் கிடந்தது. உன் அப்பா காலையில் அந்தப் பக்கம் போனவர் திரும்பி வந்து வாசலில் நின்றார்.

"ஏம்புள்ள, கெணத்து எஞ்சினக் காணோம்?"

"தம்பி கொண்டு போயிருக்கானுங்க."

"எங்க?"

"மீனாட்சிபுரத்துக்குங்க."

"அங்க ஏது நமக்குக் கெணறு?"

"கெணறு இல்லீங்க. ராட்டாந்தூரி கட்டறானாமா."

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் காப்பி கொண்டுவந்து வைத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்து, "தண்ணி எறைக்கற எஞ்சின வெச்சு ஆளை எறைக்கறானா" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "நீ சிரி. ராட்டாந்தூரி சுத்தறவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்னு நானும் பாக்கறேன்" என்று எழுந்து தோட்டத்துக்குப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து, எஞ்சினுக்குப் புதுசாகப் பெல்ட் வாங்கினானா, பழசையே மாட்டிவிட்டானா, பழசு அறுந்துபோகும் என்று என்னிடம் கேட்டார். உனக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டாரா, திட்டுவதற்காகக் கேட்டாரா, எனக்கு விளங்கவில்லை. இரண்டும் இருக்கலாம். நம் வீட்டில் யாரும் ஒன்றை மட்டும் சொல்வதில்லை.

இனி நேற்றைய விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பக்கத்துச் சந்தைகளில் ராட்டினம் போட்டால் கட்டினவன் வீட்டு ஆள் முதலில் ஏற வேண்டும் என்பது பழக்கம். எங்கிருந்து வந்த பழக்கம் என்று நான் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. மரக்கட்டையால் ராட்டினம் கட்டிய காலத்தில் எங்கோ ஒன்று முறிந்திருக்க வேண்டும். அதிலிருந்து, தன் பெண்டு பிள்ளையை ஏற்றத் துணியாதவன் கட்டியதில் நாம் ஏன் ஏறுவது என்று ஊர்க்காரர்கள் கேட்க ஆரம்பித்திருக்கலாம். காரணம் இருக்கிற பழக்கம்தான். கருப்பண்ணனின் பழைய மர ராட்டினத்தில் எல்லா ஊரிலும் அவர் மனைவி நாச்சம்மாதான் முதல் சுற்று வருவாராம். நீ என்னை வரச் சொல்லி ஜமாலிடம் சொல்லியனுப்பியபோது இதெல்லாம் எனக்குத் தெரியாது. உன் ராட்டினம் ஓடுவதைப் பார்க்கக் கூப்பிடுகிறாய் என்று நினைத்துத்தான் வந்தேன். பார்த்துவிட்டு, மலைமேல் வேலைக்குப் போகச் சொல்லி உன்னிடம் பேசலாம் என்று மனத்துக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன்.

மைதானத்தில் இத்தனை கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள் ஒருபுறம், வடகரப்பதிக்காரர்கள் ஒருபுறம். எல்லைக்கு இந்தப் புறமும் அந்தப் புறமுமாக இரண்டு சர்க்கார்களின் குடிமக்கள். எல்லாரும் ஒரே மாதிரி வேட்டி கட்டிக்கொண்டு ஒரே கடலையைத் தின்றுகொண்டு நின்றார்கள். நடுவில் உன் ராட்டினம், பச்சைச் சாயம் பூசி, எஞ்சின் படபடவென்று அடிக்க, காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் முதலில் பார்த்தது அதைத்தான். காலிப் பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க் கீழே வந்தன. கருப்பண்ணன் தகரக் குழாயை வாயில் வைத்துக்கொண்டு, "வாங்க, வாங்க, இரும்புத் தூரி, எஞ்சின் தூரி" என்று கூவினார். ஒருவரும் நகரவில்லை.

"கட்டுனவன் ஊட்டாளு எங்கீங்க?" என்று தலைப்பாகை கட்டின ஒருவர் கேட்டார்.

"மணல் மூட்டை ஏத்திச் சுத்திப் பாத்தாச்சுங்க. மூணு நாளாச் சுத்துதுங்க" என்றாய் நீ.

"மூட்டைக்கு உசுரா இருக்குது?" என்றார் அவர். கூட்டம் சிரித்தது.

நீ என்னைப் பார்த்தாய். அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. நாச்சம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் ஏறுனா மரத் தூரிக்குத்தான் செல்லுமுங்க. இது உங்க பையன் கட்டுனது. நீங்கதான் ஏறோணும்." நான் கேட்டேன், ஏறாவிட்டால்? "ஏறாட்டி ஒண்ணும் கெடயாதுங்க. பிரிச்சு பழைய இரும்புக்குப் போட்டுட்டு, தம்பி மலைக்குப் போயிரும்" என்றார். அவர் என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

அந்த நேரத்தில் என் மனத்தில் இருந்ததை உனக்கு மறைக்கப்போவதில்லை. நான் நினைத்தது நடக்க, நான் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். பஸ் வந்ததும் ஏறிவிட்டால் போதும். உன் ராட்டினத்தில் யாரும் ஏற மாட்டார்கள். நீ மூணாற்றுக்குப் போவாய், உனக்கு ஒரு குவார்ட்டர்ஸ் கிடைக்கும், நான் விடுமுறைக்கு வந்து தங்குவேன், மழையைப் பார்ப்பேன். உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் நான் விரும்பியபடி முடிந்திருக்கும். வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குக் கஷ்டமான காரியமே இல்லை. அப்படியிருந்தும் நான் செருப்பைக் கழற்றினேன். ஏன் கழற்றினேன்?

இந்தக் கேள்விக்கு நேற்றிலிருந்து பல பதில்களை யோசித்துவிட்டேன். தலைப்பாகைக்காரர் "டீச்சரம்மாவுக்குப் பயமுங்க. பாடஞ்சொல்லக் கால் தரையில இருந்தாப் போதுமல்ல" என்று சொன்னதனால் ரோஷம் வந்ததா? வந்தது. அது மட்டும் காரணமில்லை. உன் கணக்கு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆசையா? கணக்கை நீ காட்டியிருந்தால் தாளிலேயே பார்த்திருப்பேன். பெட்டிகள் காலியாகச் சுற்றியதைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான் என்றும் தோன்றுகிறது. பந்தி விரித்து ஒருவரும் உட்காராத கலியாண வீட்டைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் கலியாணத்துக்குச் சம்மதித்தவர்களா?

ஏறினேன். நீ கம்பியைப் போட்டு, ஆணியைச் செருகி, இழுத்துப் பார்த்தாய். பெட்டி பின்பக்கமாக எழும்பியது. முதலில் கூட்டத்தின் தலைகள் தெரிந்தன, பிறகு கொட்டகைக் கூரைகள், பிறகு பால் கேன்களைக் கட்டிக்கொண்டு போகும் சைக்கிள்கள், அதற்கும் அப்பால் செக்போஸ்ட்டின் குறுக்குக் கம்பம். உச்சியில் ஒரு கணம் ஒன்றுமே நடக்காததுபோல் இருந்தது. பிறகு கீழே இறங்கியது. பாரம் குறையும், வயிறு எழும்பும் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது என் வயிற்றுக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன் என்று ஜமால் சொல்கிறான். "டீச்சரம்மா, சந்தையில பாதிப் பேரு திரும்பிப் பாத்தாங்க" என்கிறான். எனக்கு அது நினைவில்லை. வேறு யாராவது கத்தியிருக்கலாம் என்று சொன்னேன். "ராட்டாந்தூரியில வேற யாரு இருந்தாங்கம்மா?" என்று கேட்கிறான்.

எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். ஒவ்வொரு முறை கீழே வரும்போதும் உன்னைத் தேடினேன். நீ எஞ்சினைப் பார்க்கவில்லை. சக்கரத்தையும் பார்க்கவில்லை. சிறுவனாகப் பொள்ளாச்சியில் நின்றதுபோல் அண்ணாந்து என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷமாக மைதானம் மைதானமாகப் போய் நீ படித்த படிப்பு அதுதானே. அதனால் கேட்கிறேன், என் முகத்தில் என்ன இருந்தது? நான் கண்ணாடியில் பார்த்துக்கொள்ள முடியாத அந்த முகத்தைப் பார்த்துத்தான் "சரின்னுட்டாங்க" என்றாயா? அப்படியானால் உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. வாயால் சொல்லாததை என் முகம் சொல்லிவிட்டதா, அல்லது இறங்கும் வேகத்தில் எல்லாருடைய முகமும் சரி என்பதுபோல்தான் தெரியுமா? நீதான் எனக்குச் சொல்ல வேண்டும்.

நான் பட்டப்படிப்புக்குச் சென்னைக்குப் போனபோது, கோயமுத்தூரில் என் அம்மாவிடம், "போகட்டுமாம்மா?" என்று கேட்டேன். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். "முறுக்கு சுட்டு வெச்சிருக்கேன், மறக்காம எடுத்துக்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். இன்றைக்கு வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று பஸ்ஸில் வரும்போது முதல்முறையாகச் சந்தேகம் வந்தது. போகிற பிள்ளைக்குப் பலகாரம் கொடுப்பது தாய்மார் செய்கிற வேலை. அதில் சம்மதம் எங்கே இருக்கிறது? கேட்டுத் தெரிந்துகொள்ள அவர் இப்போது இல்லை. ஆகவே உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதே. அதிகம் பேசாதவர்களிடம் ஒரு முறை கேட்டுவிட்டு விட்டுவிடாதே. இன்னொரு முறை கேள். அவர்கள் செருப்பைத் தேடினால், கண்டுபிடிக்கும் வரை காத்திருந்து கேள்.

நாளைக்கு உனக்கு மனைவியாக வருகிறவள் விஷயத்திலும் இதுதான். நாச்சம்மா என்னிடம், "ஊருக்கு ஊரு கேப்பாங்கம்மா. மருமக வர்ற வரைக்கும் நீங்கதானுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் எனக்குப் பக்கென்றது. அந்தப் பெண்ணை ஏறு என்று சொல்லாதே. ஏறுகிறாயா என்று கேள். ஏறமாட்டேன் என்றால், அவளுக்கு உன்மேல் நம்பிக்கை இல்லை என்று கூட்டத்தோடு சேர்ந்து நீயும் நினைத்துவிடாதே. உயரம் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பெட்டியின் வலதுபக்கக் கீலில் என் சேலைத் தலைப்பு மாட்டப் பார்த்தது. இறங்கியதும் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கீலுக்குப் போட்ட மசகு மையும் ஒட்டியிருந்தது. மணல் மூட்டைக்குச் சேலை இல்லை. எல்லாப் பெட்டியிலும் கீலுக்கு மேல் தகரம் வைத்து மூடு. மூடிய பிறகுதான் இன்னொரு பெண் ஏற வேண்டும். இது யோசனை இல்லை, கட்டளை. உன் கணக்கில் நான் கண்ட குறை இது ஒன்றுதான். பெல்ட் புதியதுதான் என்று உன் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "உம்" என்றார். அதற்கப்புறம், ஆனைமலையில் ஆற்று மணல், தரை உறுதியாக இருக்காது, கால் ஊன்றுகிற இடத்தில் கருங்கல் போடச் சொல் என்றார். அவரும் ஏதோ முடிவு செய்துவிட்டார் போலிருக்கிறது. என்ன முடிவு என்று நான் கேட்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பிறகும் எனக்குத் தெளிவு வரவில்லை. மலைமேல் போனால் நீ நன்றாக இருப்பாய் என்றுதான் இன்னும் நினைக்கிறேன். மின்சாரம் வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவதில்லை. ராட்டினம் இல்லாமல் எந்த ஊரும் பட்டினி கிடக்காது. நான் இறங்கிய பிறகு வரிசை தொடங்கியதைப் பார்த்தேன். தலைப்பாகைக்காரர்தான் முதலில் நின்றார், மனைவியை முன்னால் விட்டு. அந்த அம்மாள் மேலே போகும்போது வாயைக் கையால் பொத்திக்கொண்டார். கீழே வரும்போது கையை எடுத்துவிட்டார். பஸ் ஜன்னலிலிருந்து அதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதில் என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. பஸ் கிளம்பாமல் இருந்தால் இன்னும் சிறிது நேரம் பார்த்திருப்பேன்.

நேற்று ஏறியது உன் ராட்டினத்தை நம்பி. அது பதில் இல்லை. நீ கேட்ட கேள்விக்குப் பதில் இப்போதுதான் எழுதுகிறேன். போ. கருப்பண்ணனோடு போ. முழு மனத்தோடு சொல்கிறேனா என்று கேட்டால், தெரியாது. நாளைக்கே இதற்கு வருத்தப்படுவேனோ என்னவோ. ஆனால் இது என் வாயிலிருந்து வந்த பதில், நீயாக எடுத்துக்கொண்டதில்லை.

ஆனைமலையிலும் கட்டினவன் வீட்டு ஆள் எங்கே என்று கேட்பார்கள். திறக்கிற நாள் ஞாயிற்றுக்கிழமையாக இருக்கட்டும். மற்ற நாட்களில் எனக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது.

அம்மா